கத்தியும் சட்டமும்: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்



நம்மவர்களின் தொழில்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். இறைச்சிக் கடைக்காரருக்குக் கறிக்கத்தியும் எலும்பு வெட்டும் கனத்த கத்தியும் வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு வெங்காயம் அரிய, மீன் அறுக்க, கோழி வெட்ட வெவ்வேறு கத்தி வேண்டும். மளிகைக் கடைக்காரருக்குச் சாக்குத் தையல் அறுக்கவும், பெட்டி பிரிக்கவும் ஒரு சிறு கத்தி வேண்டும். தேங்காய் விற்பவருக்குப் பாராங் இல்லாமல் ஒரு நாளும் கழியாது. கத்தியைத் தொடாத நம்மவர் தொழில் மிகக் குறைவே.

கடைக்குள் இருக்கும்வரை அது சோறு போடும் கருவி. அதையே கையில் எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினால் சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கும். நியாயமான காரணம் காட்ட முடியாதவருக்கு ஐந்து வருடத்துக்குக் குறையாத சிறைவாசமும், அதோடு பிரம்படியும் விதிக்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்காவது இது தெரியுமா என்று விசாரித்துப் பாருங்கள். ஆகவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். இதை எழுதுகிறவன் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்த ஒரு கடைக்காரன், வக்கீல் அல்ல. வழக்கு என்று வந்தால் வக்கீலிடமே போக வேண்டும். வழக்கு வராமல் நடந்துகொள்வதற்குத்தான் இந்தப் பாடம்.

1. இந்தச் சட்டத்துக்கு முன் நடந்தவை

ஆயுதம் தரித்து ஊருக்குள் நடமாடக் கூடாது என்ற கட்டுப்பாடு இந்தப் பக்கத்தில் புதிதல்ல. அந்நாளில் மலாய் மக்களுக்குக் கிரிஸ் என்பது உடையோடு சேர்ந்த ஓர் அங்கம். இடுப்பில் கிரிஸ் இல்லாமல் வெளியே போவதை மரியாதைக் குறைவாக எண்ணிய காலம் அது. 1823ஆம் வருடம் மார்ச் மாதம் சிங்கப்பூரில் நடந்த ஒரு சம்பவம் இந்த வழக்கத்தை மாற்றியது.

சையது யாசின் என்ற வியாபாரி, சையது உமர் என்ற மற்றொரு வியாபாரிக்குக் கடன் பட்டிருந்தார். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டார். தீர்ப்பு யாசினுக்கு விரோதமாயிற்று, காவலில் வைக்கப்பட்டார். அவர் ஒளித்து வைத்திருந்த ஆயுதத்தால் காவலாளி ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடினார். அவரைத் தேடி வந்த சிங்கப்பூர் ரெசிடெண்ட் பார்க்குவாரையும் இருட்டில் குத்திவிட்டார். பார்க்குவார் பிழைத்துக்கொண்டார், யாசின் அங்கேயே கொல்லப்பட்டார். இதன்பின் அதே 1823இல், ஊருக்குள் ஜனங்கள் ஆயுதம் தரித்து நடமாடக் கூடாது என்று ராபிள்ஸ் தடை போட்டார்.

இந்தச் சம்பவத்தைத் தம் சுயசரிதையில் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அவர் யெமன் தேசத்து அரபு வமிசமும் நாகூர்த் தமிழ் வமிசமும் கலந்த குடும்பத்தவர், தமிழும் கற்றவர். ஒரு சாதாரண கொடுக்கல் வாங்கல் தகராறுதான் இது. இடுப்பில் கத்தி இல்லாதிருந்தால் கணக்குப் புத்தகத்தோடு முடிந்திருக்கும். வியாபாரிகளாகிய நாம் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சம்பவம் நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. 1867ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் பினாங்கில் பெரும் கலகம் மூண்டது. சீனர்களின் கீ ஹின் சங்கம் ஒரு பக்கம், தோ பே கோங் சங்கம் மறு பக்கம். முஸ்லிம்களிலும் வெள்ளைக் கொடிக் கட்சியார் கீ ஹின்னோடும், சிவப்புக் கொடிக் கட்சியார் தோ பே கோங்கோடும் சேர்ந்து நின்றார்கள். அந்தக் கொடிகளின் கீழ் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். நம் முன்னோர்களும் இருந்தார்கள். பல நாட்கள் ஊர் எரிந்தது. கடை வைத்துப் பிழைக்க வந்தவர்கள் கையில் வாளும் ஈட்டியும் ஏறியதால் வந்த நஷ்டம் அது. இதன்பின் 1869இல் ஆபத்தான சங்கங்களை அடக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டது.

2. இன்று அமலில் உள்ள சட்டம்

மலாயா 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரம் அடைந்தது. 1948இல் பிரகடனம் செய்யப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அவசரகாலம் முடியாதிருந்த அந்த நாட்களில், 1958ஆம் வருடம், இந்தச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரிலும் அதே வருடம் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. தமிழில் இதை அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் என்று சொல்லலாம். மலாயில் 'அக்தா பஹான்-பஹான் காக்கிசான் டான் லெத்துப்பான் டான் சென்ஜாத்தா பெர்பஹாயா 1958' என்பார்கள். சட்ட எண் 357. பத்திரிகையில் இந்தப் பெயரைப் பார்த்தால், யாரோ கத்தியோ பாராங்கோ வைத்திருந்து அகப்பட்டிருக்கிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

இதில் நாம் முக்கியமாய்த் தெரிந்துகொள்ள வேண்டியது 6ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. பொது ரோட்டிலோ பொது இடத்திலோ, சட்டபூர்வமான அதிகாரமோ சட்டபூர்வமான நோக்கமோ இல்லாமல், ஆபத்தான ஆயுதம் ஒன்றை எடுத்துச் செல்வதும், தன்னிடம் வைத்திருப்பதும், தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்பது அதன் சாரம். முன்னே தண்டனை இலேசாக இருந்தது. பின்னாளில் திருத்தம் செய்து கடுமையாக்கிவிட்டார்கள். இப்போது ஐந்து வருடத்துக்குக் குறையாமலும் பத்து வருடத்துக்கு மேற்படாமலும் சிறை, பிரம்படியும் உண்டு.

இந்த ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கிப் படித்தால் விளங்கும்.

முதல் துண்டு: ஆபத்தான ஆயுதம். இது வாளும் ஈட்டியும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் இதில் அடங்கும். பாராங், கறிக்கத்தி, அரிவாள், இரும்புத் தடி எல்லாமே அடங்கும். கடையில் பத்து வெள்ளிக்கு வாங்கிய கத்தி என்பதால் அது விலக்குப் பெறாது.

இரண்டாவது துண்டு: பொது ரோடு, பொது இடம். ரோடு, சந்தை, பஸ் நிலையம், ரயில் நிலையம், திடல், சாப்பாட்டுக் கடை என்று பொதுமக்கள் வந்துபோகிற இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடையின் சமையற்கட்டு வேறு. வாடிக்கையாளர் வந்து உட்காருகிற முன்பக்கம் வேறு.

மூன்றாவது துண்டு: வைத்திருத்தல், கட்டுப்பாட்டில் வைத்திருத்தல். கையில் பிடித்திருந்தால்தான் குற்றம் என்பதில்லை. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில், கார் ஆசனத்துக்குக் கீழே, வேன் கதவு இடுக்கில் இருந்தாலும் அது ஓட்டுகிறவரின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும். பத்திரிகையில் வரும் வழக்குகளில் பல, கார் சோதனையில் அகப்பட்ட பாராங்குகளைப் பற்றியவையே.

நான்காவது துண்டு: சட்டபூர்வமான நோக்கம். நம்மைக் காப்பாற்றுவது இது ஒன்றே. இறைச்சி வெட்டுகிறவர் கத்தியைக் கடைக்குக் கொண்டுபோவதும், தோட்டத்தில் புல் வெட்டுகிறவர் வேலைக்குப் பாராங் எடுத்துப்போவதும், பால்மரம் வெட்டுகிறவர் விடியற்காலையில் பால்வெட்டுக் கத்தியோடு போவதும் நியாயமான நோக்கங்கள். நம் கிரியான் வட்டாரம் நெல் விளையும் பூமி. 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் திறக்கப்பட்டது முதல் இங்கே வயல்வேலை பெருகிற்று. இயந்திரம் வருவதற்கு முன் அறுவடைக் காலத்தில் அரிவாளோடு போகாதவர் யார்? வேலைக்குக் கொண்டுபோகும் கருவியைச் சட்டம் தடுக்கவில்லை.

ஆனால் அந்த நோக்கத்தை நேரமும், இடமும், வைத்திருக்கும் விதமும் சாட்சியாக நின்று உறுதிப்படுத்த வேண்டும். காலை ஆறு மணிக்குச் சந்தைக்குப் போகும் கறிக்கடைத் தம்பியின் கூடையில் துணி சுற்றிய கத்தி இருந்தால் பார்த்தவுடனே விளங்கிவிடும். அதே தம்பி இரவு பன்னிரண்டு மணிக்கு நண்பர்களோடு கூடி நிற்கையில் அதே கத்தி இடுப்பில் செருகியிருந்தால், கறிக்கடைக் கத்தி என்ற சொல் எடுபடாது. கத்தி ஒன்றுதான், நோக்கம் மாறிப்போயிற்று.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. பாரிட் புந்தார் மூன்று மாநிலங்கள் கூடும் மூலை. கிரியான் ஆற்றைத் தாண்டினால் கெடா மாநிலத்துப் பண்டார் பாரு. சிறிது தூரத்தில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். சரக்கு வாங்கவும் கொடுக்கவும் ஒரே நாளில் மூன்று மாநிலத்திலும் புழங்குகிறவர்கள் நாம். இந்தச் சட்டம் மத்திய சர்க்காரின் சட்டம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கிடையாது.

3. விற்பனை செய்கிறவர்கள் கவனிக்க

ஆறாம் பிரிவு எடுத்துச் செல்கிறவரைப் பிடிக்கிறது. ஏழாம் பிரிவு விற்கிறவரையும் பிடிக்கிறது. சட்டத்தின் அட்டவணையில் சில ஆயுதங்களைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள். விசையை அமுக்கினால் அலகு தானே வெளியே பாயும் மடக்குக் கத்தி இதற்கு நல்ல உதாரணம். இப்படிக் குறிக்கப்பட்ட ஆயுதத்தைச் சட்டபூர்வமான நோக்கமின்றி வைத்திருப்பது மட்டுமல்ல, செய்வது, விற்பது, விற்பனைக்குப் பரப்பி வைப்பது, வாடகைக்குக் கொடுப்பது, இரவல் கொடுப்பது, இனாமாகக் கொடுப்பது எல்லாமே குற்றம். இதற்கும் ஐந்து முதல் பத்து வருடச் சிறையும் பிரம்படியும் உண்டு.

பலசரக்கும் விளையாட்டுச் சாமானும் சேர்த்து விற்கும் கடைக்காரர்கள் இதைக் கவனித்தல் வேண்டும். மொத்த வியாபாரி ஒரு பெட்டியில் நூறு விதச் சாமான்களை அடைத்து அனுப்புவார். அதில் பேனாவைப் போலவும், தீப்பெட்டியைப் போலவும், சாவிக்கொத்தைப் போலவும் வடிவம் செய்த விசைக் கத்திகள் கலந்து வரும். மலிவாக இருக்கிறது, பையன்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவிடாதீர்கள். அடுக்குவதே பரப்பி வைத்தல் ஆகிவிடும். நிஜத் துப்பாக்கியைப் போல் தோன்றும் போலித் துப்பாக்கிகளுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. 1960ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவின் கீழ் அவற்றை வைத்திருப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறையோ, ஐயாயிரம் வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

திராவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்தின் பெயரிலேயே அரிக்கும் பொருள் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்கத் திராவகம் அன்றாடச் சாமான். பாத்திரம் துலக்கவும், பாட்டரிக்கு ஊற்றவும், குழாய் அடைப்பு நீக்கவும் இன்றும் கடைகளில் விற்பனையாகிறது. தொழிலுக்கு விற்பதிலும் வாங்குவதிலும் தவறில்லை. ஒருவரைக் காயப்படுத்தும் உத்தேசத்தோடு அதை வைத்திருப்பதையும் பிரயோகிப்பதையுமே சட்டம் தண்டிக்கிறது. சோடாப் போத்தலில் ஊற்றித் தரச் சொல்லுகிறவருக்குக் கொடுக்காதீர்கள். ஒட்டுச்சீட்டு உள்ள அசல் டப்பாவிலேயே கொடுங்கள்.

4. தற்காப்புக்கு வைத்திருக்கலாமா?

கடைக்காரர்கள் அதிகமாய்க் கேட்கும் கேள்வி இதுவே. இரவு கல்லாப் பணத்தோடு வீட்டுக்குப் போகிறோம், வழிப்பறிக்குப் பயந்து வண்டியில் ஒரு பாராங் வைத்திருக்கிறோம், இதில் என்ன தவறு என்கிறார்கள்.

தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. இந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு முதல் 106ஆம் பிரிவு வரை அதைப் பற்றியவையே. ஆனால் அதே சட்டத்தின் 99ஆம் பிரிவு அந்த உரிமைக்கு வேலி கட்டுகிறது. அதிகாரிகளிடம் போய்ப் பாதுகாப்புத் தேட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை. தற்காப்புக்கு வேண்டியதற்கு மேல் ஊறு செய்யவும் உரிமை இல்லை.

தாக்க வந்தவனைக் கைக்கு எட்டியதை எடுத்துத் தடுப்பது ஒரு விஷயம். என்றைக்கோ யாரோ வருவான் என்று தினமும் வண்டியில் பாராங்கோடு போவது வேறு விஷயம். பொதுவான பயத்தை மட்டும் காரணமாகச் சொல்லி ஆயுதம் வைத்திருப்பது சட்டபூர்வமான நோக்கம் என்று நம்பி யாரும் துணிந்துவிட வேண்டாம். அதோடு, கையில் பாராங் இருக்கிறவன் தகராறிலிருந்து விலகிப் போவதில்லை. வண்டியை உரசிவிட்டான் என்ற அற்ப விஷயத்துக்கும் அதை எடுத்து ஓங்கிவிடுகிறான். ஓங்கினாலே மிரட்டல் குற்றம். கொல்லுவேன் என்று மிரட்டினால் 506ஆம் பிரிவின் கீழ் ஏழு வருடம் வரை சிறை. காயம் பட்டால் 324ஆம் பிரிவின் கீழ் பத்து வருடம் வரை. கொடுங்காயமானால் 326ஆம் பிரிவின் கீழ் இருபது வருடம் வரை. ஐந்நூறு வெள்ளிக் கல்லாவைக் காக்கப் புறப்பட்டவர் தம் குடும்பத்தையே இழந்து நிற்பார்.

கல்லாவைக் காக்க வேறு வழிகள் உண்டு. பணத்தைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் கொண்டுபோகாதீர்கள். இருவராய்ப் போங்கள். கடை வாசலில் நல்ல வெளிச்சமும் கேமராவும் வையுங்கள். ஆபத்து என்றால் 999க்குப் போன் செய்யுங்கள்.

5. ஒரு சிறு அனுபவம்

என் கடையில் இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு பையன் இருக்கிறான். ஒரு நாள் மாலை இரண்டு கறிக்கத்திகளைச் சாணை பிடிக்க நிபோங் திபாலுக்கு அனுப்பியிருந்தேன். சாணை பிடிக்கிறவரிடம் கூட்டம், நேரமாகிவிட்டது. இருட்டிய பின் திரும்புகையில் வழியில் போலீஸ் சோதனை. மோட்டார் சைக்கிள் கூடையைப் பார்த்ததும் ஓரமாய் நிறுத்தச் சொன்னார்கள்.

பையன் இறங்கி, கூடையைத் தொடாமல், "தெ மினா மாஃப் என்ச்சே, இது கடைக் கத்தி" என்று அரைகுறை மலாயில் சொல்லியிருக்கிறான். கத்திகள் இரண்டும் அட்டையில் செருகி, சாக்குத் துணியில் சுற்றி, கயிறு கட்டியிருந்தன. கடைப் பெயரும் போன் நம்பரும் அச்சிட்ட துண்டுச் சீட்டு அதில் செருகியிருந்தது. போலீஸ்காரர் அந்த நம்பருக்குப் போன் செய்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். "இப்படித்தான் கொண்டுபோக வேண்டும்" என்று பையனிடம் சொன்னாராம்.

அந்தக் கயிற்றின் விலை இருபது காசு. கயிறும் சீட்டும் இல்லாமல் கத்தி வெறுமனே கிடந்திருந்தால், அவன் அன்று இரவு எங்கே தூங்கியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். வேலை அனுமதியோடு வந்த பிள்ளைகளுக்குச் சிறைத் தண்டனை என்றால் வேலையும் போய், ஊருக்கும் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஊரில் கடன் வாங்கி அனுப்பி வைத்த தாய் தகப்பனுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

6. சந்தையில் அம்பு கொண்டுபோகிறவருக்குச் சொன்ன ஒழுங்கு

இந்த விஷயம் நம் மார்க்கக் கல்விக்கும் புறம்பானதல்ல. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு நடப்பவர், யார் மேலும் பட்டுக் காயம் உண்டாகாதபடி அவற்றின் கூர்முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இது புகாரீயில் இருக்கிறது. கடைத்தெரு என்று குறிப்பிட்டே சொன்னார்கள் என்பதை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். அம்பு அந்நாளில் அவசியமான கருவி. அதைக் கொண்டுபோகாதே என்று சொல்லவில்லை; பிறருக்கு அச்சமும் ஆபத்தும் இல்லாமல் கொண்டுபோ என்றார்கள்.

உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குவதையும் தடுத்திருக்கிறார்கள். விளையாட்டுக்காகக்கூட ஒரு சகோதரன் பக்கம் ஆயுதத்தை நீட்டக் கூடாது, கை தவறினால் கேடு விளையும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். சமையற்கட்டில் பையன்கள் கத்தியை நீட்டி விளையாடுவதைக் கண்டும் காணாமல் இருக்கும் முதலாளிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

7. கடையில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்

ஒன்று: கத்தி வெளியே போகும்போதெல்லாம் உறையிலோ அட்டையிலோ செருகி, துணி சுற்றி, கட்டிக் கொண்டுபோக வேண்டும். எடுத்தவுடன் வெட்டக்கூடிய நிலையில் இருக்கக் கூடாது.

இரண்டு: இடுப்பிலும் சட்டைப் பையிலும் செருகுவது அறவே கூடாது. வண்டியில் பெட்டிக்குள், சாமான்களோடு சேர்த்து வைக்க வேண்டும்.

மூன்று: போன காரியம் முடிந்ததும் நேரே கடைக்குத் திரும்ப வேண்டும். கத்தியை வண்டியில் வைத்துக்கொண்டு டீக் கடையில் உட்காருவதும், பந்து விளையாட்டுப் பார்க்கப் போவதும் நோக்கத்தைக் கெடுத்துவிடும்.

நான்கு: கடைப் பெயர் அச்சிட்ட சீட்டோ, வாங்கிய பில்லோ, சாணை பிடித்த ரசீதோ கூடவே இருக்க வேண்டும்.

ஐந்து: எத்தனை கத்தி கடையில் இருக்கிறது என்று எண்ணி, இரவு கடை அடைக்கும்போது சரிபார்த்துப் பூட்டி வைக்க வேண்டும். பணம் எண்ணுகிற நமக்குக் கத்தி எண்ணுவது பெரிய காரியமல்ல.

ஆறு: வேலையாட்கள் வேலை முடிந்து போகும்போது கத்தி எதையும் அறைக்கு எடுத்துப்போக அனுமதிக்கக் கூடாது.

ஏழு: சரக்கு வேனில் கயிறு அறுக்க வைத்திருக்கும் கத்தியைச் சரக்கு இறக்கியதும் சாமான் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஓட்டுகிறவர் ஆசனத்துக்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாது.

எட்டு: ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்குக் கத்தி கொண்டுபோகும் ஜமாஅத்தார், எல்லாக் கத்திகளையும் ஒரே பெட்டியில் சேர்த்து, பொறுப்பானவர் ஒருவர் வசம் கொடுத்துப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய், முடிந்ததும் அவர் மூலமே திருப்பி எடுத்துக்கொள்வது நலம். பெருநாள் முடிந்து ஒரு வாரமாகியும் காரில் கத்தி கிடந்தால், குர்பானிக் காரணம் அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

8. நிறுத்தி விசாரித்தால்

போலீசார் நிறுத்தினால் ஓடக் கூடாது. கத்தியைக் கையில் எடுத்துக் காட்டவும் கூடாது. இருக்கும் இடத்தைச் சொல்லி, அவர்களே எடுத்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். என்ன வேலைக்குக் கொண்டுபோகிறோம் என்பதை மரியாதையாய், உள்ளபடி சொல்ல வேண்டும். பயத்தில் ஒரு பொய் சொல்லி, பிறகு உண்மையைச் சொன்னால் இரண்டுமே நம்பப்படாது.

கைது செய்துவிட்டால், மலேசிய அரசியல் சாசனத்தின் 5ஆம் விதி நமக்குச் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. கைதுக்குக் காரணம் கூடிய சீக்கிரம் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மேலும் காவலில் வைக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். பதினான்கு வருடத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள இத்தகைய குற்றங்களில் முதல் தடவை நான்கு நாளும், அடுத்த தடவை மூன்று நாளும் மேற்படாமல் அந்த உத்தரவு இருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாத மலேசியப் பிரஜைகளுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் கைது நிலையிலிருந்தே இலவசமாய் உதவுகிறது. வேலையாள் அகப்பட்டதாகக் கேள்விப்பட்டால் முதலாளி உடனே பில், லைசென்ஸ், வேலைச் சீட்டு முதலியவற்றோடு ஸ்டேஷனுக்குப் போய், அது கடைக் கத்தி என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் போனை அடைத்துப் போட்டுவிடும் முதலாளி, முதலாளி என்ற பெயருக்குத் தகுதியானவர் அல்ல.

9. வெளிநாடு போகிறவர்களுக்கு

இந்தியாவில் 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2016இல் வந்த விதிகளின்படி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் ஆயுதமாய்க் கொள்ளப்படுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை விலக்கு. இங்கிலாந்தில் 1953ஆம் வருடத்துச் சட்டம் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1959இல் விசைக் கத்தி விற்பனையைத் தடுத்தார்கள். 1988ஆம் வருடத்துச் சட்டப்படி மூன்று அங்குலத்துக்கு மேற்படாத சிறு மடக்குக் கத்தி தவிர மற்றக் கத்திகளைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு அங்கே கத்தி விற்பதும் குற்றம். ஊரிலிருந்து திருப்பாச்சேத்தி அரிவாளும் அரிவாள்மனையும் வாங்கிவர ஆசைப்படுகிறவர்கள், விமானத்தில் கைப்பையில் கத்தி எதையும் வைக்கக் கூடாது என்பதை மறந்துவிடலாகாது.

10. பிள்ளைகளும் கத்தியும்

2025 அக்டோபரில் சிலாங்கூர் மாநிலம் பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் பதினாறு வயது மாணவி கத்தியால் குத்தப்பட்டு இறந்தாள். குத்தியதாகப் பிடிபட்டவன் பதினான்கு வயதுப் பையன். நாடே கலங்கிய செய்தி அது. பதினான்கு வயதுப் பிள்ளை கையில் கத்தி எங்கிருந்தோ வருகிறது. ஏதோ ஒரு வீட்டிலிருந்தோ ஒரு கடையிலிருந்தோதான் வர முடியும்.

பள்ளிச் சீருடையோடு வந்து கத்தி கேட்கும் பையனுக்கு விற்காதீர்கள். தாயையோ தகப்பனையோ அழைத்து வா என்று சொல்லுங்கள். ஐந்து வெள்ளி வியாபாரம் போனால் போகட்டும். வீட்டிலும் பிள்ளைகளின் புத்தகப் பையைத் திறந்து பாருங்கள். கூட்டுச் சேர்ந்து திரியும் வாலிபர்களைக் கூப்பிட்டு, கூட்டத்தில் ஒருவனிடம் பாராங் இருந்தால் எல்லோருமே ஸ்டேஷனுக்குப் போக நேரிடும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பாடத்தைச் சோதிக்கச் சில கேள்விகள்

கடையில் வேலையாட்களை உட்கார வைத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கத்தி கையில் இல்லாமல் வண்டியில் இருந்தால் குற்றமில்லையா? கறிக்கத்தி ஆயுதமாகுமா? தற்காப்புக்கு என்று சொன்னால் போதுமா? குறைந்த தண்டனை எத்தனை வருடம்? போலீசார் நிறுத்தினால் கத்தியைக் கையில் எடுத்துக் காட்டலாமா? நாளைக்குச் சாணை பிடிக்க அனுப்பினால் எப்படிக் கட்டிக் கொண்டுபோவாய்? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் போதாது. கட்டியே காட்டச் சொல்லுங்கள்.

நம் கடைகளில் கத்தி இருக்கும்வரை இந்தப் பாடமும் இருக்க வேண்டும். புதிதாய் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால், விலைப்பட்டியல் சொல்லிக்கொடுக்கும் முன் இதைச் சொல்லிக்கொடுங்கள். வல்ல அல்லாஹ் நம் தொழிலிலும் நம் பிள்ளைகளிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.